மூண்டு சுரத்துக்குள்ள நிண்ட பின்னேரங்கள்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு சங்கத்தில இருந்து கேட்ட நேரம் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது பரிசளிப்பு விழாவும் இல்லை விளையாட்டுப் போட்டியும் இல்லை, எங்கட பள்ளிக்கூடச் சங்கீத அறைதான். மூலையில ஒரு சுருதிப்பெட்டி இருக்கும். அதின்ர துருத்தியில ஒரு இடம் கிழிஞ்சு துணி வைச்சு ஒட்டினது, அதால ஒவ்வொருக்கா இழுக்கேக்கயும் சுருதிக்கு முதல் ஒரு மூச்சுச் சத்தம் வரும். இண்டைக்கும் பாட வாய் திறக்க முதல் அந்த மூச்சு என்ர காதில கேக்குது.

நான் சொல்லித் தந்ததை அப்பிடியே திருப்பிப் பாடுற பிள்ளை. சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஏழு தாளத்தையும் ஐஞ்சு ஜாதியோட, அதாவது ஐஞ்சு எண்ணிக்கை வகையோட, பெருக்கி வாற 35 தாளத்திலயும் அலங்காரம், எல்லாம் பிசகாமப் பாடுவன். ஆனா கற்பனாசுரம், அதாவது ராகத்தின்ர சுரங்களை அந்த இடத்திலயே நாங்களாக் கோத்துப் பாடுறது, அதைப் பாடு எண்டு ரீச்சர் சொன்ன உடன தொண்டை அடைச்சிடும். கற்பனை எண்டது மேல இருந்து சில பேருக்கு மட்டும் இறங்கிற வரம், எனக்கு அது கிடைக்கேல்ல எண்டு உறுதியா நம்பின காலம் அது.

ஒரு பின்னேரம் ரீச்சர் ஐஞ்சு சுரம் உள்ள மோகன ராகத்தில என்னை இருத்தி, "க, ப, த. இந்த மூண்டும்தான். மற்ற ரெண்டு சுரம் இருக்கெண்டதையே மறந்திடு. நான் காணும் எண்டு சொல்லுற வரைக்கும் பாடு" எண்டவா. முதல் நிமிஷத்திலயே எல்லாம் தீர்ந்து போச்சு, கண் கலங்கிட்டுது. அவ ஒண்டும் சொல்லேல்ல, பெட்டியை இழுத்துக்கொண்டே இருந்தவா. வேற வழி இல்லாமத்தான் தேடத் தொடங்கினன். க-வில இருந்து ப-வுக்கு நேர ஏறலாம், இழுத்தும் ஏறலாம், த-வைத் தொட்டிட்டு உடன கீழ வரலாம், ஒரே சுரத்தில நாலு எண்ணிக்கை நிக்கலாம், மூண்டு மூண்டாக் கட்டலாம், ஒண்டுமே பாடாம ஒரு இடத்தை விட்டிட்டும் வரலாம். அந்த விட்ட இடத்திலதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனெண்டா அங்க சுருதிப்பெட்டியின்ர மூச்சு மட்டும் கேட்டது, அடுத்த சுரம் எது எண்டு எனக்கே தெரியாது, வந்து விழுந்தது த, அது அழகா இருந்தது, அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்ல.

கன வருஷம் கழிச்சு கீத் ஜாரட் எண்ட ஜாஸ் பியானோக் கலைஞரின்ர கதையை வாசிச்ச நேரம் அந்தப் பின்னேரம் அப்பிடியே திரும்பி வந்தது. 1975 ஜனவரி 24, ஜெர்மனியில கொலோன் நகரத்தில கச்சேரி. அவர் கேட்ட பியானோ இல்லை, மேடையில இருந்தது ஒத்திகைக்கு வைச்சிருக்கிற சின்னது, மேல் சுரங்கள் தகரம் மாதிரிக் கேக்கும், கீழ் சுரங்களில பலம் இல்லை, பெடலும் சரியா வேலை செய்யேல்ல. வாசிக்கமாட்டன் எண்டுதான் முதல்ல நிண்டவர். பிறகு இருந்து, நடுப் பகுதியை விடாமப் பிடிச்சு, இடது கையால ஒரே அமைப்பைத் திருப்பித் திருப்பி வாசிச்சு, அந்த இடத்திலயே உருவாக்கின இசை அது. தனிப் பியானோ இசைத்தட்டுகளில உலகத்தில ஆகக் கூட வித்ததுகளில அது ஒண்டு. கர்நாடக சங்கீதப் பாடகர் பாலமுரளிகிருஷ்ணாவும் ச ரி ம த எண்டு நாலே சுரத்தில லவங்கி ராகத்தைப் படைச்சவர், ச க ப நி-யில மகதியை. நாலு சுரத்தில ராகமா எண்டு சண்டைக்கு வந்தவையும் இருந்தவை. அவர் பாடிக்கொண்டுதான் இருந்தவர்.

கற்பனை வேற, தைரியம் வேற எண்டு சொல்லுவினம், எனக்கு அப்பிடித் தோன்றேல்ல. பயம் போன பிறகு பாடலாம் எண்டு காத்திருந்தா ஒருத்தராலயும் பாடேலாது. செலோ எண்ட, வயலின் மாதிரிப் பெரிய தந்தி வாத்தியம் வாசிச்ச பாப்லோ கசால்ஸ் 13 வயசில பார்சலோனாவில ஒரு பழைய கடையில பாஹ் எண்ட இசையமைப்பாளரின்ர தனிச் செலோப் படைப்புகளைக் கண்டெடுத்து, 12 வருஷம் பழகின பிறகுதான் அதை மேடையில வாசிச்சவர். அப்பிடிப்பட்டவருக்கே வாழ்நாள் முழுக்க மேடைப் பயம். 1901-இல அமெரிக்காவில ஒரு மலையில கல் உருண்டு விழுந்து கை நசுங்கின நேரம், அப்பாடா, இனிச் செலோ வாசிக்கத் தேவையில்லை எண்டதுதான் தன்ர மனசில முதல் வந்த நினைப்பு எண்டு அவரே சொல்லியிருக்கிறார். பிறகும் 70 வருஷம் வாசிச்சவர். கர்நாடக சங்கீதப் பாடகி டி.கே. பட்டம்மாள், ஒரே வரியைத் தாளக் கணக்கோட விரிச்சுப் பாடுற பல்லவியைப் பாட வந்த நேரம் அது ஆம்பிளையளின்ர வேலை எண்டு வைச்சிருந்த காலம், அந்தக் கணக்குக்குள்ளயே இறங்கிப் பாடிப் பாடித்தான் அவவுக்கு பல்லவி பட்டம்மாள் எண்ட பேரே வந்தது.

எனக்கு வந்த சோதனை சின்னது, ஆனா அந்த வயசில அது உலகம். பள்ளிக்கூட மேடையில ஆதி தாளத்தில நானே கட்டின கோர்வையை, அதாவது தாளத்துக்குக் கணக்காப் பொருந்தி முடியிற சுரக் கோப்பை, பாடிக்கொண்டு வந்து, சமம் எண்ட தாளத்தின்ர தொடக்க அடியைத் தள்ளி அரை இடத்தில எடுக்க வேண்டியதை சமத்திலயே எடுத்திட்டன். மிருதங்கம் வாசிச்ச பொடியன் ஒரு கணம் என்ர முகத்தைப் பாத்திட்டு அப்பிடியே என்னோட வந்து சேந்திட்டான், அந்த நன்றியை இதில எழுதாம விடேலாது. ரீச்சர் முன் வரிசையில இருந்து கையை உயர்த்தித் தாளம் போட்டுக்கொண்டிருந்தவா. முடிய நான் மேடைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு அழுதன்.

அடுத்த நாள் திட்டுவா எண்டு நினைச்சுக்கொண்டு போனா, பெட்டியை இழுத்து, "நேற்றுப் பிழைச்சதையே பாடு" எண்டவா. பாடினன். "ரெண்டாவது அடியில இருக்கிற விடுபடல் வடிவா இருக்கு, அது ஆர் சொல்லித் தந்தது?" எண்டு கேட்டவா. ஒருத்தரும் இல்லை ரீச்சர், நானா வைச்சது எண்டன். என்ர கொப்பியை வாங்கி, சமத்துக்கு வாற மாதிரி ஒரு கணக்கும் அரை இடத்துக்கு வாற மாதிரி ஒரு கணக்கும் பக்கத்தில பக்கத்தில எழுதினவா, "இப்ப உன்னட்ட ரெண்டு கோர்வை இருக்கு" எண்டு சொல்லி அந்த விடுபடலைச் சுத்திப் பென்சிலால ஒரு வட்டம் போட்டவா.

நாட்டை விட்டு வரேக்க கொண்டு வந்த கொஞ்சச் சாமானுக்குள்ள அந்தக் கொப்பியும் வந்திட்டுது. பென்சில் கோடு மங்கிப் போச்சு, ஆனா வட்டம் தெரியுது.