சத்தம் போடாமல் கெட்டுப்போகும் சீட் டிரில்

கோதுமை விதைப்பு நெருங்கினால் எல்லாரும் டிராக்டரைத்தான் விசாரிப்பார்கள். வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதா, இன்னும் ஓடுகிறதா என்று. எனக்கு டிராக்டரைப் பற்றிப் பெரிய கவலை கிடையாது. பழசுதான், என்னைவிட வயதில் மூத்தது. ஆனால் அதற்கு ஏதாவது வந்தால் புகை விடும், தட்டும், ஒழுகும், கடைசியில் நின்றே போகும். எப்படியாவது சொல்லிவிடும். அதன் பின்னால் தொங்கும் சீட் டிரில்தான், அதாவது குழாய் குழாயாக விதையை வரிசையில் போடும் விதைப்புக் கருவிதான், ஊமை. 9 குழாயில் ஒன்று அடைத்துக்கொண்டாலும் அது பாட்டுக்கு உருண்டு போய்க்கொண்டே இருக்கும். பயிர் முளைத்து வரும்போதுதான் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு வரிசை மொட்டையாகக் கிடப்பது தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்ய?

அதனால் நான் பழைய சாமான்களுக்குச் செலவிடும் நேரத்தில் முக்கால்வாசி டிரில்லுக்குத்தான் போகிறது.

முதலில் விதைப் பெட்டி. ஷெட்டில் மாதக்கணக்கில் நின்ற டிரில்லில் எலிக் கூடு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெட்டியில் இருப்பதைக் கண்ணால் பார்த்து அள்ளிவிடலாம். குழாய்களுக்குள் குளவி கட்டிய மண் கூடுதான் ஆபத்து. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு குழாயையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் குழாயாக இருந்தால் மடித்தும் பார்க்க வேண்டும். மடிக்கும்போது மேல்தோல் வெடிப்பு வெடிப்பாகத் திறந்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது, ஒட்டுப்போட்டு ஓட்டினால் நடு வயலில் கழன்று தொங்கும்.

அப்புறம் உருளைகள். பெட்டியின் அடியில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கிண்ணம், அதற்குள் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஓர் உருளை. உருளை சுழலும்போது பள்ளத்தில் விழுந்த விதையைத் தள்ளிக் குழாய்க்குள் விடும். உருளை கிண்ணத்துக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு விதை விழும். பக்கத்தில் உள்ள லீவரை நகர்த்தினால் எல்லா உருளையும் சேர்ந்து நகரும். அவ்வளவுதான் சூட்சுமம். 1701-இல் இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் செய்த டிரில்லிலும் பள்ளம் வெட்டிய உருளைதான் விதையைக் கீழே அனுப்பியது. முந்நூறு வருடம் கழித்தும் அதே யோசனையை நான் கிரீஸ் கையோடு நோண்டிக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு.

பழைய டிரில்லில் உருளை தேய்வதைவிட, உருளைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அளவு ஒன்றுக்கொன்று வேறுபட்டுப் போவதுதான் அதிகம் நடக்கும். தண்டில் உருளையைப் பிடித்திருக்கும் காலர் ஸ்க்ரூ லேசாக நழுவியிருக்கும். ஓர் உருளை 12 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பது 14 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விதையில் ஆறில் ஒரு பங்கு வித்தியாசம். இன்னொன்று, கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் சின்னக் கதவு. அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் உருளை தள்ளாமலே வண்டி குலுங்குகிற குலுங்கலில் விதை ஒழுகும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே வழி எடை போட்டுப் பார்ப்பது. என் டிரில்லில் 9 கொழு, வரிசைக்கு வரிசை 20 செ.மீ., ஆகவே மொத்த அகலம் 1.8 மீட்டர். தரைச் சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கையால் 50 சுற்று சுற்றினால் வயலில் 100 மீட்டர் ஓடியதற்குச் சமம். அதாவது 180 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 100 கிலோ விதை என்று வைத்துக்கொண்டால் இதற்கு 1.8 கிலோ விழ வேண்டும், குழாய்க்கு 200 கிராம். ஒவ்வொரு குழாயின் வாயிலும் தனித்தனியாக ஒரு பையைக் கட்டிவிடுவேன். பலர் ஒரே தார்ப்பாயை விரித்து மொத்தமாக எடை போடுகிறார்கள். மொத்தம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. ஒரு குழாய் 230, இன்னொன்று 170 கொட்டினாலும் கூட்டினால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். 190-க்கும் 210-க்கும் வெளியே போகிற குழாயைத்தான் நான் திறந்து பார்ப்பேன்.

விதைநேர்த்தி செய்த விதையைத்தான் விதைக்கப் போகிறீர்கள் என்றால் எடைச் சோதனையையும் அதே விதையில் செய்யுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. மருந்து பூசிய விதை வெறும் விதைபோல வழுக்கி ஓடாது, அளவு மாறும்.

ஷெட்டில் போட்ட கணக்கு வயலில் அப்படியே வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டயரில் காற்று குறைந்து பாரத்தில் அமுங்கினால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டரைவிடக் குறைவாகத்தான் நகரும், விதை கூடுதலாக விழும். பொலபொலத்த மண்ணில் சக்கரம் சறுக்கினால் தலைகீழ். அதனால் விதைக்கப் போகும் நிலத்திலேயே, பெட்டியில் விதை இருக்கும்போது, 10 சுற்றுக்கு எத்தனை மீட்டர் என்று டேப்பால் அளந்துவிடுவேன். 20 வர வேண்டிய இடத்தில் 21 வந்தால் விதை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். லீவரை அதற்குத் தக்கபடி கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

தரைச் சக்கரம் சுழலும்போது உருளைத் தண்டையும் சுழற்றும் செயினுக்கு ஓர் அளவு மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அரை அங்குலச் செயினில் 24 கண்ணி புதிதில் 305 மி.மீ. இருக்கும். இழுத்துப் பிடித்து அளந்தால் 314-ஐத் தொட்டுவிட்டது என்றால் 3 சதவீதம் நீண்டுவிட்டது, அதன் காலம் முடிந்தது. பல்சக்கரத்தின் பல் கொக்கிபோல வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அந்தச் செயினும் சீக்கிரமே வீணாகிவிடும்.

கொழுவுக்கு வருவோம். கொழுவின் வேலை சால் கிழித்து, விதையை ஈரத்தில் ஒரே ஆழத்தில் போடுவது. கோதுமைக்கு 4, 5 செ.மீ. ஆழம் சரி. முளை மேலே வரும்போது அதன் முதல் இலையை ஓர் உறை மூடிக்கொண்டு வரும். மண்ணைத் துளைப்பது அந்த உறைதான். 1960-களிலிருந்து பரவிய குட்டை ரகங்கள் பலவற்றுக்கும் குட்டைத்தன்மை ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்தது. தாளைக் குட்டையாக்கிய அதே மரபணு இந்த உறையையும் குட்டையாக்கிவிட்டது. விதை 8 செ.மீ. ஆழத்தில் விழுந்தால் உறை பாதி வழியிலேயே நின்றுவிடும், இலை மண்ணுக்குள்ளேயே விரிந்து சுருண்டுபோகும். மேலே நின்று பார்க்கிறவருக்கு முளைக்காத விதை மாதிரித்தான் தெரியும், விதை விற்றவருக்குத் திட்டு விழும்.

கொழு தேய்ந்தால் இதற்கு நேரெதிர்ச் சிக்கல், அந்த வரிசை மட்டும் மேலாக விழும், ஈரம் எட்டாது. எல்லாக் கொழுவும் ஒன்றுபோலத் தேய்வதும் இல்லை. டிராக்டர் டயர் அழுத்திய தடத்தில் ஓடும் இரண்டு கொழுவும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும், ஏனென்றால் அங்கே மண் இறுகிக் கிடக்கும். கொழுத்தண்டின் கீழ்ப் போல்ட்டிலிருந்து நுனி வரை டேப் வைத்து அளந்து, அந்த இரண்டையும் ஓரத்துக் கொழுக்களோடு இடம் மாற்றுவேன். மிகவும் தேய்ந்ததற்கு நுனியில் கடினப்பூச்சு வெல்டிங் வைத்தால் இன்னும் சில காலம் ஓடும்.

டாப் லிங்க்கையும், அதாவது டிரில்லின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் தண்டையும், மறக்கக் கூடாது. அது நீளமாக இருந்தால் டிரில் பின்பக்கம் சாயும், குட்டையாக இருந்தால் முன்பக்கம் குத்தும். முன் வரிசைக் கொழுவும் பின் வரிசைக் கொழுவும் வேறு வேறு ஆழத்தில் போவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். அதை விட்டுவிட்டுக் கொழுவைக் குறை சொல்பவர்கள் நிறைய.

விதைப்பு அன்று டிராக்டரை மாமா ஓட்டுவார். முதல் சாலில் நான் பின்னாலேயே நடப்பேன்.

"மாப்பிள்ளை, விழுதா?"

"நாலாவது விழலை மாமா. நிறுத்துங்க."

பெரும்பாலும் கொழுவின் வாயில் மண் அப்பியிருக்கும். டிரில்லைத் தரையில் இறக்கிவிட்டு வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தாலே இப்படி ஆகிவிடும். மாமாவுக்கு இது தெரியும், ஆனாலும் திருப்பும்போது அவர் கால் அவரைக் கேட்காது. குச்சியால் நோண்டிவிட்டு மறுபடி கிளம்புவோம். அதன் பிறகு ஏதாவது ஒரு சாலில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மண்ணை விரலால் ஒதுக்கி விதைகளை எண்ணுவேன். ஆயிரம் விதை 40 கிராம் எடையுள்ள ரகத்தில் ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 250 விதை, 20 செ.மீ. இடைவெளியில் ஒரு மீட்டர் சாலுக்கு 50. இரண்டு செ.மீ.க்கு ஒன்று. 45 இருந்தாலும் 55 இருந்தாலும் எழுந்து போய்விடுவேன். 30 இருந்தால் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

சரி, டிராக்டரைப் பற்றியும் கொஞ்சம். பழைய டீசல் எஞ்சினுக்கு வேண்டியது சுத்தமான டீசல், காற்று இல்லாத லைன், நல்ல பேட்டரி. விதைப்புக்கு முன்பே ஃபில்டரை மாற்றிவிட்டு ஏர் எடுத்துவிடுவேன். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசல் பம்பின் கைலீவரை அடித்தால் முதலில் நுரை நுரையாக வரும். நுரை அடங்கி டீசல் கோடாக வழிந்ததும் இறுக்கிவிட்டு, அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் உள்ள ஸ்க்ரூ. இங்கே நிறையப் பேர் தடுமாறுவது ஒன்று உண்டு. கைலீவர் தொளதொளவென்று ஆடும், ஒன்றும் ஏறாது. பம்பு போய்விட்டது என்று நினைத்துப் புதிதுக்கு அலைவார்கள். உள்ளே கேம் பம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில் எஞ்சின் நின்றிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு லீவரை அடித்தால் வேலை செய்யும். கடைசியாக நாசில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிக்கும்போது கையைத் தள்ளியே வைத்திருங்கள், அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கழற்றிய செம்பு வாஷரைத் தூக்கிப் போட வேண்டாம். சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும்.

உதிரி பாகம் கிடைக்காதே என்றுதான் பழைய வண்டிக்குப் பலர் பயப்படுகிறார்கள். செய்த கம்பெனி மூடியிருக்கலாம், ஆனால் பேரிங் அந்தக் கம்பெனி செய்ததில்லை. துடைத்துப் பார்த்தால் ஓரத்தில் எண் இருக்கும். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம், 25 மி.மீ. வெளிவிட்டம் 52, அகலம் 15. உலகத்தில் எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். எண் அழிந்துவிட்டதா, வெர்னியரால் அளந்து கேட்டாலும் கொடுப்பார்கள். ஆயில் சீலுக்கும் அப்படித்தான், உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன்.

போல்ட்டில்தான் பழசு வேலை காட்டும். பழைய பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த் மரை, அமெரிக்க வண்டியில் யுஎன்சி. அரை அங்குலத்தில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, யுஎன்சிக்கு 13. கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஸ்பேனர் போட்டு பலத்தைக் காட்டினால் கதை முடிந்தது. மற்ற பல அளவுகளில் மரை எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், கோணம் மட்டும் 55, 60 என்று வேறுபடும். ஏறிவிடும், ஆனால் ஒழுங்காகப் பிடிக்காது. மரை கேஜ் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஷியர் போல்ட் உடைந்தால் அதே தரத்தில்தான் போட வேண்டும். "இது உடையாது, இரும்பு மாதிரி இருக்கும்" என்று யாராவது கடினமான போல்ட்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது உடைவதற்காகவே இருக்கிறது, அது உடையாவிட்டால் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

விதைப்பு முடிந்த அன்றே டிரில்லில் இருக்கும் உரப் பெட்டியைக் கழுவிவிட வேண்டும். இதை மறுநாளுக்குத் தள்ளினால் பிறகு யாரும் செய்யமாட்டார்கள். யூரியாவும் டிஏபியும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, தகட்டோடு ஒட்டித் தின்ன ஆரம்பித்துவிடும். அடுத்த பருவத்தில் உரத் தண்டு இறுகிப்போய், சுற்றினால் செயின்தான் அறும். தண்ணீர் அடித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே பழைய எஞ்சின் ஆயிலைத் தடவிவிடுவேன். விதைப் பக்கத்தில் ஆயில் படக் கூடாது, அங்கே துணியால் துடைத்தாலே போதும்.

இந்த முறைக்குப் பாக்கி இருப்பது இடது சக்கர பேரிங், இரண்டு குழாய், ஏழாவது கதவின் ஸ்பிரிங். ஸ்பிரிங் சரியான அளவில் கிடைக்கவில்லை. பக்கத்துக் கதவில் இருப்பதைக் கழற்றிக் கம்பி தடிமனும் சுற்றும் எண்ணி வைத்திருக்கிறேன், அதே மாதிரி சுற்றித் தரச் சொல்ல வேண்டும்.