காசு கொடுத்து வாங்கிய லிங்க்: எஸ்இஓ இன்டர்வியூவுக்கு நான் படித்த விதம்

கோவை, திருப்பூர் பக்கம் எஸ்இஓ வேலைக்கு (ஒரு தளத்தைத் தேடுபொறி முடிவுகளில் மேலே கொண்டுவரும் வேலை) இன்டர்வியூ போகிறீர்கள் என்றால், “காசு கொடுத்து லிங்க் வாங்கலாமா?” என்ற கேள்விக்குத் தயாராகப் போங்கள். அதாவது, நம் தளத்துக்கு லிங்க் வைக்கச் சொல்லி வேறொரு தளத்துக்குக் காசு கொடுப்பது. நான் போன இடங்களில் ஏதாவது ஒரு வடிவத்தில் இது வந்துவிடும். “கூடவே கூடாதுங்க” என்று சொன்னால் பாதி மார்க்தான். வாங்கலாம், ஆனால் வாங்கியதைத் தேடுபொறியிடம் மறைக்கக் கூடாது. விளம்பரத்துக்கும் ஸ்பான்சர்ஷிப்புக்கும் லிங்க் வாங்குவதும் விற்பதும் சகஜம்தான் என்று கூகுளின் ஸ்பேம் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. அந்த லிங்க்கின் கோடில், ‘இது காசுக்கு வைத்தது’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘ஸ்பான்சர்டு’ குறியோ, ‘இதைச் சிபாரிசாக எண்ணாதே’ என்று சொல்லும் ‘நோஃபாலோ’ குறியோ இருந்தால் விதிமீறல் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

எதைப் படிக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கைமாறிக் கைமாறி வரும் கேள்வி-பதில் பிடிஎஃப்கள். கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் விதிகளின் ‘வெப்மாஸ்டர் கைட்லைன்ஸ்’ என்ற பெயர் 2022 அக்டோபரிலேயே ‘சர்ச் எசென்ஷியல்ஸ்’ ஆகிவிட்டது. பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கும் பிடிஎஃபை மூடி வையுங்கள். கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் இலவசமாக எழுதும் கூகுள் ஆட்ஸ் தேர்வு நல்லதுதான். 80 சதவீதம் எடுத்தால் சான்றிதழ், ஓராண்டு செல்லும். ஆனால் அது கட்டண விளம்பரத்துக்கான பாடம், லிங்க் கொள்கைக்கு அதை நம்ப முடியாது. ஆட்ஸில் லட்சக்கணக்கில் செலவழித்தாலும் இயல்பான தேடல் முடிவுகளில் தளத்தின் இடம் அதனால் உயராது. இரண்டுக்கும் நடுவே உள்ள இந்தச் சுவரை அடிக்கடி கேட்கிறார்கள்.

விதி ஏன் வந்தது என்று தெரிந்தால் மனப்பாடம் தேவைப்படாது. 1998-இல் கூகுள் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கொண்டுவந்த பேஜ்ரேங்க் முறை, ஒரு தளம் இன்னொன்றுக்குத் தரும் லிங்க்கை ஓட்டு மாதிரி எண்ணியது. ஓட்டுக்குக் காசு கொடுத்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2005 ஜனவரியில், கமென்ட் ஸ்பேமைத் தடுக்க, நோஃபாலோ வந்தது. 2012 ஏப்ரலில் கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்து, லிங்க் வாங்கிக் குவித்த தளங்களை அடித்துப் போட்டது. 2019 செப்டம்பரில் ஸ்பான்சர்டு, யூஜிசி என்ற இரண்டு குறிகள் சேர்ந்தன. (இந்த யூஜிசி பயனர்கள் எழுதும் உள்ளடக்கத்துக்கானது, பல்கலைக்கழக மானியக் குழு இல்லை.) அப்போதிலிருந்து நோஃபாலோ கூகுளுக்குக் கட்டளை இல்லை, ஏற்கவோ விடவோ கூடிய குறிப்பு மட்டுமே. இதையும் கேட்பார்கள்.

நான் படித்த முறை இதுதான்: கூகுளின் ஸ்பேம் கொள்கைப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு விதிக்கும் நம்ம ஊர்த் தொழிலில் ஓர் உதாரணம் எழுதிக்கொண்டேன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று வலைப்பதிவருக்கு டி-ஷர்ட்டை இலவசமாக அனுப்பி, லிங்க்குடன் எழுதச் சொல்கிறது. காசு கைமாறவில்லை, இருந்தாலும் பொருள் கொடுத்து வாங்கிய லிங்க்தான் அது, குறி வேண்டும். கல்லூரி விழாவுக்கு ஸ்பான்சர் செய்து, கல்லூரித் தளத்தில் லோகோவோடு லிங்க் வாங்குகிறார் பம்ப்செட் தயாரிப்பாளர். தாராளமாக வாங்கலாம், ஸ்பான்சர்டு போட வேண்டும். ஈரோட்டு மஞ்சள் வியாபாரியும் பவானி ஜமக்காளக் கடைக்காரரும் பழக்கத்தில் ஒருவருக்கொருவர் ஒரு லிங்க் கொடுத்துக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அதற்கென்றே பக்கம் திறந்து, கண்டவருடன் எல்லாம் மாற்றிக்கொண்டால்தான் சிக்கல். அப்புறம் வெப் டிசைன் கம்பெனிகள், தாங்கள் செய்துகொடுத்த தளங்களின் அடியில் எல்லாம் ‘கோவையின் சிறந்த வெப் டிசைன்’ என்று லிங்க் வைப்பது. பல தளங்களின் ஃபுட்டரில் பரப்பி வைக்கும் லிங்க்கும் ஸ்பேம் பட்டியலில் இருக்கிறது. உங்களை இன்டர்வியூ எடுப்பவரே அதைச் செய்துகொண்டிருக்கலாம், பார்த்துப் பேசுங்கள்.

உதாரணக் கதை ஒன்று கேட்டால், 2012 ஜனவரியில் கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே தண்டித்ததைச் சொல்லுங்கள். குரோமுக்காகக் காசு கொடுத்து எழுதவைத்த பதிவுகளில், ஒன்றில் நோஃபாலோ விட்டுப்போயிருந்தது. சுமார் 60 நாள் அந்தப் பக்கத்தின் தரவரிசையை இறக்கிவைத்தார்கள்.

தண்டனை பற்றிய கேள்வியில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மனிதர் பார்த்துக் கொடுப்பது மேனுவல் ஆக்‌ஷன். அது தள உரிமையாளருக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் தெரியும். உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்குக்கு ஒரு வகை, உங்கள் தளத்திலிருந்து விற்கும் லிங்க்குக்கு வேறு வகை. வாங்கியவர் முடிந்த லிங்க்குகளை நீக்கச் சொல்லி, முடியாதவற்றை, ‘இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள்’ என்று கூகுளிடம் கொடுக்கும் டிஸ்அவோ பட்டியலில் போட வேண்டும். விற்றவர் நீக்கவோ குறி போடவோ வேண்டும். பிறகு மறுபரிசீலனைக்கு விண்ணப்பம். மனிதர் தலையிடாமல், கூகுளின் தானியங்கி அல்காரிதத்தால் இடம் இறங்கியிருந்தால் அங்கே எந்த அறிவிப்பும் வராது, விண்ணப்பிக்கவும் வழியில்லை.

விளம்பரம் நிறைந்த பக்கங்கள் பற்றிச் சுருக்கமாகப் படித்தால் போதும். 2012-இல் பக்கத்தின் மேல்பகுதியை விளம்பரத்தால் நிரப்பியவர்களுக்கு எதிரான மாற்றம். 2017-இல் மொபைல் திரையை மறைக்கும் பாப்-அப்புக்கு எதிரான மாற்றம். 2024-இல், பெரிய தளத்தின் பெயரை வைத்துப் பிறர் உள்ளடக்கத்தைத் தேடலில் மேலே ஏற்றுவதற்கு எதிரான கொள்கை. கடைசியது மற்ற இரண்டையும்விடப் புதிது என்பதால் அதைச் சொன்னால் கவனிப்பார்கள்.

முதலாளியே நேரில் உட்கார்ந்தால் கேள்வி வேறு மாதிரி இருக்கும். “ஏனுங்க தம்பி, எதிர்க் கம்பெனிக்காரர் லிங்க் வாங்கித்தானுங்க மேல நிக்கிறாரு?” அவரிடம் தண்டனை என்று பயமுறுத்திப் பயனில்லை. எந்த லிங்க் அவரைத் தூக்கியது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 2016-க்குப் பிறகு பெங்குவின் மோசமான லிங்க்கைப் பெரும்பாலும் மதிப்பில்லாமல் செய்துவிட்டுப் போய்விடுகிறது. 2022 டிசம்பரிலிருந்து, ஸ்பேமைப் பிடிக்கும் கூகுளின் ஏஐ-யான ஸ்பேம்பிரெயினும் இதே வேலையைச் செய்கிறது. ஆக, வாங்கிய லிங்க் வேலை செய்கிறதா என்றுகூடத் தெரியாமல் மாதாமாதம் பணம் போகும். “அதே காசை, நம்ம துணி வாங்குறவங்க படிக்கிற தளத்துல ஸ்பான்சர்டு குறியோட விளம்பரமாப் போடுங்க, ஆர்டர் கேட்டு யார் வந்தாங்கன்னாவது எண்ணிப் பார்க்கலாமுங்க” என்றேன். அடுத்த கேள்வி, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்க என்பதுதான்.