வருமா, வராதா?

லைட் பொக்ஸ் பழுதாகிக் கிடந்ததால் அந்த ஓபிஜி எக்ஸ்ரேயை, இரு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரிவதை, ஜன்னல் கண்ணாடியில் வைத்துத்தான் பார்த்தேன். வெளியே ஹட்டன் பனிமூட்டம், படத்துக்குப் பின்னால் வெள்ளைச் சீலை கட்டியதுபோல. 15 வயதுப் பிள்ளை. கீழ்த்தாடையில் இரு பக்கமும் ஞானப்பல்லின் தலை மட்டும் உருவாகி, வேர் விடாமல், முன்னாலிருந்த கடைவாய்ப் பல்லை முட்டுவதுபோலச் சாய்ந்து கிடந்தது. கண்டிக்குப் போய் அந்தப் படத்தை எடுத்துவர பிள்ளையின் அம்மாவுக்குத் தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போயிருந்தது.

"வருமா, வராதா டொக்டர்?" கொழுந்துக் கறை படிந்த விரலால் சாய்ந்த பல்லைத் தொட்டுக் காட்டினார்.

அடிமட்டத்தால் அளந்தேன். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், தாடையெலும்பு மேலே ஏறும் விளிம்பு வரையுள்ள இடம், வரவேண்டிய பல்லின் அகலத்தைவிடக் குறைவு. "வராது அக்கா, சிக்கிக்கொள்ளும். வெட்டித்தான் எடுக்கணும்." பேராதனையில் படித்து முடித்து வந்த புதிது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாவிட்டால் டொக்டர் இல்லை என்ற நினைப்பு.

கணக்குப் பிழையில்லை, வயதுதான் பிழை. 15இல் தாடை வளர்ந்து முடிவதில்லை. ஏறும் எலும்பின் முன்விளிம்பு கரைந்து கரைந்து இடம் விடும். வேர் நீள நீள, சாய்ந்த பல் சில பிள்ளைகளுக்கு நிமிரும், சிலருக்கு இன்னும் படுத்துவிடும். சாய்வை வைத்து வின்டர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1926இல் செய்த வகைப்பாட்டை நாங்கள் மனப்பாடம் செய்தோம். அது சிக்கிய பல்லுக்குப் பெயர் வைக்கும்; எது சிக்கும் என்று சொல்லாது.

நாலு வருடம் கழித்து அதே பிள்ளை வந்தாள். இடப்பக்கப் பல் நேராக வந்து நின்றது. வலப்பக்கம் பாதி முளைத்து, மேலே மூடிய ஈறு வீங்கி, வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. ஈற்றுக்கடியில் உப்புநீர் பீய்ச்சினேன், ஒரு சோற்றுப் பருக்கை வெளியே வந்தது.

"ஒரு பக்கம் நீங்க சொன்னது சரியாத்தானே வந்திருக்கு டொக்டர்," அம்மாதான் என்னைத் தேற்றினார். ஒப்பரேசனுக்குப் போய்வரவும் நிற்கிற நாள் பேருக்கும் என்று அப்போதே சீட்டுப் போட்டு வைத்தாராம். பெரிய ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை, பஸ் வாங்குமே.

பிறகு சின்ன மகளை முன்னால் தள்ளிவிட்டார். 14 வயது. "இவளுக்கும் பார்த்துச் சொல்லுங்க."

எக்ஸ்ரேக்கு எழுதவில்லை. "18 ஆகட்டும் அக்கா, அதுக்கு முன்னால வலிச்சா உடனே கூட்டி வாங்க" என்று கிளினிக் கொப்பியில் வருடத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் முகத்தில் அவ்வளவு திருப்தியில்லை.