வல்லநாட்டுப் பொட்டலில் மரம் நட வேண்டாம்

திருநெல்வேலி – தூத்துக்குடி சாலையில் போகிறவர்கள் வல்லநாட்டுக் கரட்டைப் பார்த்ததும் "சும்மாதான கிடக்கு, நாலு மரம் வச்சா என்ன?" என்பார்கள். சும்மா கிடக்கும் இடமில்லை அது. முறுக்குக் கொம்புள்ள வெளிமானுக்காக (blackbuck) 1987-இல் சரணாலயமான நிலம், சுமார் 1,641 ஹெக்டேர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இதுதான்.

வெளிமானின் முதல் உணவு புல். ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு, ஓடித்தான் தப்பும். மரம் அடர்ந்தால் புல்லும் போச்சு, பார்வையும் போச்சு. குடை விரித்த உடைமரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதால் தொந்தரவில்லை. வில்லங்கம் சீமைக்கருவேலம்தான்.

சரணாலயத்துக்குள் கை வைப்பது வனத்துறையின் வேலை. சுற்றியுள்ள ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் அனுமதி வாங்கி நாம் சீமைக்கருவேலத்தை அகற்றலாம். தரையோடு வெட்டிவிட்டால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும், ஏனென்றால் மொட்டுகள் தூரில், மண்ணுக்குள் இருக்கின்றன. ஓர் அடி ஆழம் தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். கடப்பாரைக்கு மசியாததை ஜேசிபி எடுக்கும், ஆனால் அது புல்லின் வேரையும் புரட்டிப் போடும். சிறு கன்றுகளுக்கு மண்வெட்டியே மேல். நெற்று பழுக்குமுன் வேலையை முடித்துவிடுங்கள். ஆடு மாடு தின்றால் விதை செரிக்காமல் சாணத்தில் விழுந்து முளைக்கும். வெளிமானும் அதே நெற்றைத் தின்று பரப்பும் என்பதுதான் வேடிக்கை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஈர மண்ணில் நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். இதை ஒரு வருஷத்தோடு நிறுத்தினால் செலவழித்ததெல்லாம் வீண், பழைய விதை மண்ணில் காத்துக் கிடக்கும்.

மான் இருக்கிறதா என்று அறியப் புழுக்கையைப் பாருங்கள். ஆடு நடந்தபடியே சிதறிவிட்டுப் போகும். எல்லை பிடித்த கலைமான், அதாவது ஆண் வெளிமான், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போடுவதால் அது குவியலாகக் கிடக்கும். மேலே கறுத்து ஈரமாகவும் அடியில் வெளுத்து உலர்ந்தும் இருந்தால், அந்தக் கலை இப்போதும் அங்கேதான் திரிகிறது.

புல்லுக்குள் குட்டி தனியே அசையாமல் படுத்திருந்தால் தாய் விட்டுப் போய்விட்டதென்று தூக்காதீர்கள். மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுக்கும். விலகிப் போய்விடுங்கள். கூட நாய் வந்திருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள்.