பேனுக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு ஹெட்செட்

ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்ததும் நான் முதலில் வாங்கியது ஒரு வெப்கேம். முகம் பளிச்சென்று தெரிந்தால்தானே டீச்சர் என்று நம்புவார்கள்! அந்தக் கணக்கு தப்பு என்று புரிய இரண்டு வாரம் ஆனது.

புரியவைத்தவன் ஒரு ஒன்பது வயதுப் பையன். மின்விசிறிப் படம் போட்ட அட்டையைக் காட்டி "ஃபேன்" என்றேன். "பேன்" என்றான். "பேன் தலையில இருக்கும்ப்பா, இது ஃபேன்" என்றேன். மறுபடியும் "பேன்." மேல்பற்களைக் கீழுதட்டில் வைத்து ஊதிக் காட்டினேன். ஆறாவது தடவை அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "மிஸ், நீங்களும் பேன்னுதானே சொல்றீங்க!"

அன்று ராத்திரி வகுப்பின் பதிவைப் போட்டுக் கேட்டேன். பையன் சொன்னது நிஜம்தான். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல்; அதில் ஃபவும் இல்லை, ஸவும் இல்லை.

காரணம் என் காதில் இருந்த ப்ளூடூத் ஹெட்செட். பாட்டு கேட்கும்போது அது அருமையாக ஒலிக்கும். ஆனால் மைக்கும் சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் போன் பேசும் நிலைக்கு மாறிக்கொள்ளும். பழைய முறையில் அப்போது குரலை விநாடிக்கு 8,000 தடவைதான் அளந்து மாதிரி எடுக்கும். அதில் பாதி அதிர்வெண் வரைதான் பிடிபடும்; அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி போய்ச்சேரவே சேராது. ஃப, ஸ போன்ற காற்றொலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. புதிய ஹெட்செட்டுகளில் இது 16,000, சிலவற்றில் அதற்கு மேலும் போகிறது என்றாலும் நான் சோதித்துப் பார்க்கவில்லை. வெறுத்துப்போய் யூஎஸ்பி வயர் போட்ட, வாய்ப்பக்கம் மைக் நீளும் சாதாரண ஹெட்செட் ஒன்றை வாங்கினேன். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்து ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் 'ப' சொல்லும்போதெல்லாம் மூச்சு மோதி 'டப்' என்று வெடிக்கும். அப்புறம் வகுப்பு எடுக்கும் ஜூம் செயலியில் இரைச்சலைக் குறைக்கும் வசதி 'அதிகம்' என்று இருந்தது. நான் நீட்டிச் சொன்ன 'ஸ்ஸ்ஸ்'ஸை அதுவும் இரைச்சல் என்று நினைத்துப் பாதியில் விழுங்கியது. 'குறைவு' என்று மாற்றினேன்.

வெப்கேமைக் கழற்றி வைத்துவிட்டு லேப்டாப் கேமராவுக்கே திரும்பினேன். அதன் அடியில் நான்கு தடித்த புத்தகங்கள். கண்ணுக்கு நேரே கேமரா வந்ததும் மூக்குத் துவாரம் தெரிவது நின்றது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்ததும் உதடும் பல்லும் நாக்கு நுனியும் தெளிவாகத் தெரிந்தன. உச்சரிப்புக்கு அதுதானே வேண்டும். ரிங் லைட்டும் வாங்கியிருந்தேன். என் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையல் தெரிந்ததுதான் மிச்சம்.

இன்டர்நெட் வேகம் எனக்குப் போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இருவர் பேசும் 720பி தெளிவுள்ள வீடியோவுக்கு ஜூம் கேட்பது விநாடிக்கு 1.2 மெகாபிட்தான். என்னிடம் அதைப்போலப் பல மடங்கு இருந்தும் குரல் விட்டுவிட்டுப் போனது. ரவுட்டருக்கும் எனக்கும் நடுவில் இரண்டு சுவர். ஒரு லேன் கேபிளை இழுத்து லேப்டாப்பில் செருகினேன், பிரச்சினை தீர்ந்தது. கேபிளில் யாராவது தடுக்கி விழாதபடி ஓரமாக ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

பாடப்பொருள் சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. இலவசமாகக் கிடைத்த பயிற்சித்தாள்களை எல்லாம் இறக்கி ஒரு ஃபோல்டரை நிரப்பினேன். மொழித்திறனை அளக்கும் ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகளுக்கும் தனித்தனி உறை. அதில் பத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஸ்லைடைப் பகிர்ந்தால் என் முகம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வாயைப் பார்த்துக் கற்க வேண்டிய பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? இப்போது மேஜையில் இருப்பவை ஒரு சின்ன ஒயிட்போர்டு, மார்க்கர், அழிக்க ஒரு பழைய சாக்ஸ், நானே வரைந்த நாற்பது அட்டைகள். அட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும்: கப்பலுக்கு ஷிப், ஆட்டுக்கு ஷீப். ஒன்றைத் தூக்கிக் காட்டினால் பையன் சொல்வான். பிறகு அவன் சொல்வதைக் கேட்டு நான் அட்டையை எடுப்பேன். தப்பான அட்டையை எடுத்தால் அவனுக்கு ஒரே குஷி.

ஒயிட்போர்டிலும் ஒரு கூத்து. திரையில் என் எழுத்து இடவலம் மாறித் தெரிந்ததால், கண்ணாடியில் படிப்பதுபோல் திருப்பி எழுதப் பழகினேன். மூன்று வகுப்பு அப்படியே ஓடியது. நம் படம் நமக்கு மட்டும்தான் திரும்பித் தெரியும், எதிரே இருப்பவருக்கு நேராகத்தான் போகும் என்று அதன்பிறகே தெரிந்தது. பாவம், பிள்ளைகள் மரியாதைக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

போன வாரம் அதே பையன் வகுப்பு நடுவே கையைத் தூக்கினான். "மிஸ், உங்க பின்னாடி ஃபேன் சத்தம் கேக்குது, ஆஃப் பண்ணுங்க." பல்லும் உதடும் அச்சு அசல். எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.