ஏஎம்4-லேயே இருப்பதா, ஏஎம்5-க்குத் தாவுவதா?

ஏஎம்4, ஏஎம்5 இரண்டும் ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர்கள் மதர்போர்டில் உட்காரும் சாக்கெட்டுகள்; முன்னது பழையது, பின்னது புதியது. கேம் திக்கித் திக்கி ஓடினால் முதல் பழி பிராசசர் மேல்தான் விழும். அந்தப் பழி சரியா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். வி-சிங்க் (கேமைத் திரையின் வேகத்தோடு கட்டும் அமைப்பு), எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படச்சட்டம்) வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, வழக்கமாக விளையாடும் கேமில் கூட்டம் நெரியும் ஓரிடத்தில் போய் நின்று எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெசல்யூஷனை 720பி வரை இறக்கி, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். எண் அசையவே இல்லை என்றால் கிராபிக்ஸ் கார்டு வேலையில்லாமல் காத்துக் கிடக்கிறது, தடை பிராசசர் பக்கம்தான். எண் விறுவிறுவென ஏறினால் சாக்கெட் கவலையை மூட்டை கட்டிவிட்டு, அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். டாஸ்க் மேனேஜர் 'சிபியு 45 சதவீதம்' என்று காட்டுவதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அது பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் எல்லாக் கோர்களுக்கும் சேர்த்த சராசரி. கேமின் முக்கிய த்ரெட் (வேலைத்தொடர்) ஒரே கோரில் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருந்தாலும் சராசரி பாதிக்குக் கீழேயே நிற்கும்.

தடை பிராசசரில்தான் என்று உறுதியானால், எந்த சாக்கெட் புதுசு என்று தேடக் கிளம்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே எது இருக்கிறது என்பதிலிருந்துதான் கணக்கு தொடங்கும்.

ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிர்ஷ்டசாலிகள். 2017-இல் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசரோடு பரவலான அதே சாக்கெட்டில் 2022-இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. ராம், போர்டு எதையும் தொடாமல் பிராசசரை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. சாதாரண 5800எக்ஸில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பி. எக்ஸ்3டியில் 96 எம்பி. கேமுக்கு அடிக்கடி வேண்டிய தரவு அந்த இடத்துக்குள் அடங்கிவிடுவதால் டிடிஆர்4 ராமுக்குப் போய் வரும் காத்திருப்பு குறைகிறது. சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, நடுநடுவே வரும் திடீர்ச் சறுக்கல்களில்தான் இதன் பலன் நன்றாகத் தெரியும். சிமுலேஷன், எம்எம்ஓ (பெருங்கூட்டம் ஆன்லைனில் சேர்ந்து ஆடுவது) வகைக் கேம்களில் வித்தியாசம் இன்னும் பெரிது.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 7 5700, 5700எக்ஸ், 5700எக்ஸ்3டி மூன்றும் வேறு வேறு. எக்ஸ் இல்லாத 5700-இல் கேஷ் 16 எம்பிதான், பிசிஐஇயும் (கிராபிக்ஸ் கார்டோடு தரவு போய் வரும் பாதை) 3.0தான், ஜி வரிசைச் சிப்பில் உள்ளேயிருக்கும் கிராபிக்ஸை அணைத்து விற்பது அது. 5700எக்ஸில் 32, எக்ஸ்3டியில் 96. 5500-உம் அந்த 16 எம்பி கூட்டம்தான். ஏஎம்4-க்கான எக்ஸ்3டி சிப்கள் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. பயன்படுத்தியதை வாங்கினால் பின்கள் வளையாமல் வரிசையாக நிற்கின்றனவா என்று நான்கு பக்கமும் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் 5700எக்ஸ் அல்லது 5600 போதும். ரைசன் 1000, 2000 வரிசையிலிருந்து வருபவருக்கு அதுவே பெரிய தாவல்.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிட வேண்டும். பி350, எக்ஸ்370 போன்ற பழைய போர்டுகள் பலவற்றுக்கு 5000 வரிசை ஆதரவு 2022-இல்தான் வந்தது. சில போர்டுகளில் இடையில் ஒரு பயாஸ் பதிப்பைப் போட்ட பிறகே கடைசிப் பதிப்பு ஏறும். போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு பட்டியலில் பிராசசரின் பெயரும் எதிரே பயாஸ் எண்ணும் இருக்கும். அதற்கு முன்பாக விண்டோஸில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, மீட்புச் சாவியையும் வேறிடத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பூட்டின் சாவிகளைக் காக்கும் டிபிஎம், எஃப்டிபிஎம் என்ற பெயரில் பிராசசரோடு சேர்ந்தே இருக்கிறது. சிப்பை மாற்றியதும் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யலாமா என்று திரை கேட்கும். சாவி இல்லாமல் ஒய் அழுத்தினால் டிரைவ் பூட்டியபடியே நிற்கும்.

ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. லீவர் பூட்டியிருந்தாலும், காய்ந்த தெர்மல் பேஸ்ட் பிடித்த பிடியில் கூலரைத் தூக்கும்போது பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் பத்து நிமிடம் ஒரு கேமை ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, மின்வயரைக் கழற்றிவிட்டு, கூலரின் பிடியைத் தளர்த்துங்கள். இடமும் வலமுமாகச் சில மில்லிமீட்டர் திருகித் திருகி, பேஸ்ட் வழுக்குவது கையில் தெரிந்த பிறகு மெல்ல மேலே எடுங்கள். நேராக இழுப்பதுதான் பின் வளைவதற்கு முதல் காரணம்.

ஏஎம்4-லேயே நிற்பதில் ஒரு குறையும் உண்டு. பி450 போர்டில் கிராபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 3.0. முழு 16 லேன் (தரவுத் தடம்) கார்டுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060 போல 8 லேன் மட்டும் கொண்ட கார்டுகளுக்குப் பாதை பாதியாகிவிடும்; 8 ஜிபி விராம் (கார்டின் சொந்த நினைவகம்) நிரம்பித் தரவு ராமுக்கு வழியும் தருணத்தில் இது திக்கலாக வெளிப்படும். அப்படிப்பட்ட கார்டு வைத்திருப்பவர்கள் டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைப்பதே எளிய வழி.

டிடிஆர்4 ராமும் நடுத்தர வயதுப் போர்டும் இல்லாதவர்களுக்கு, புதிதாகக் கட்டுபவர்களுக்கு, ஏஎம்5தான் என் தேர்வு. 2022 செப்டம்பரில் வந்த சாக்கெட். ரைசன் 7000, 8000ஜி, 9000 மூன்று வரிசையும் இதில் ஏறும். 2027-க்கும் அப்பால் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் இந்த வாக்குறுதிக்கு மதிப்பு போர்டை மாற்றாமல் பிராசசரை மாற்றுபவருக்குத்தான். ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுபவர் 'எதிர்காலம்' என்ற பேருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்.

ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும்தான். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் மொத்தக் கணக்கில் இதுதான் உதைக்கும். இரண்டு குச்சியாக, 6000 வேகம், சிஎல்30 (சிஎல் என்பது ராமின் தாமத அளவு) வாங்குங்கள். மெமரி கன்ட்ரோலரும் ராமும் ஒரே வேகத்தில் சேர்ந்து ஓடுவது ஏறக்குறைய அங்கேதான். இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று திட்டம் போடாதீர்கள். நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600தான். 32 ஜிபி வேண்டுமானால் முதலிலேயே இரண்டு 16.

போர்டு விஷயத்தில் அளவுக்கு மீறிச் செலவழிப்பவர்களே அதிகம். 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டுக்கும் விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஓரளவு உள்ள பி650 அல்லது பி850 தாராளம். எக்ஸ்870ஈ போர்டு தருவது கூடுதல் எம்.2 (எஸ்எஸ்டி டிரைவ் செருகும் இடம்), யுஎஸ்பி4, எஃப்பிஎஸ் அல்ல. விலையுயர்ந்த சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-இல் டிரைவ் போட்டதும் கிராபிக்ஸ் ஸ்லாட் 8 லேனாகச் சுருங்கும், மேனுவலில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். பழைய ஏஎம்4 கூலர் பெரும்பாலும் பொருந்தும், போர்டோடு வந்த பின்தகட்டைப் பயன்படுத்தும் வகையாக இருந்தால். சொந்தப் பின்தகடு கேட்கும் கூலருக்கு வழியில்லை. ஏஎம்5-இல் அந்தத் தகடு சாக்கெட்டின் பிடியோடு சேர்ந்தது, கழற்ற முடியாது.

இன்டெல் பக்கம் எல்ஜிஏ 1700 சாக்கெட்டைப் பார்க்க ஒரே காரணம், நல்ல டிடிஆர்4 ராம் கையில் இருப்பது. டிடிஆர்4 போர்டோடு 12-ஆம் தலைமுறை 12400எஃப் பிராசசர் போட்டால் குறைந்த செலவில் மரியாதையான கேமிங் மெஷின். ஆனால் பயன்படுத்திய 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 சிப்களிலிருந்து விலகி நில்லுங்கள். அதிக வோல்டேஜால் சிப்பே தேயும் சிக்கல் அவற்றில் இருந்தது. 2024-இல் 0x129, 0x12பி மைக்ரோகோடுகள் (பயாஸ் வழியாக வரும் சிப்புக்கான திருத்தங்கள்) வந்து அதைத் தடுத்தன என்றாலும், ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்த பயாஸும் சரிசெய்யாது. 12-ஆம் தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை. புதிய எல்ஜிஏ 1851, வீடியோ ரெண்டரிங் போன்ற வேலைகளுக்குச் சரி. கேமுக்கு மட்டும் என்றால் எக்ஸ்3டியை விட்டுவிட்டு அதை எடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏஎம்5-ஐ முதல்முறை இயக்கும்போது திரை பல நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ராம் எந்த அமைப்பில் சரியாக ஓடும் என்று போர்டு சோதித்துப் பார்க்கும் 'பயிற்சி' நடக்கிறது. பதறிப்போய் பவர் பட்டனை அழுத்தினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பயாஸ் வந்ததும் முதலில் கடைசிப் பதிப்பை ஏற்றுங்கள். 2023-இல் சில சிப்கள் கருகியதற்குப் பிறகு எஸ்ஓசி (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதி) வோல்டேஜை 1.3-க்கு மேல் போகாமல் கட்டியது பயாஸ் வழியாகத்தான். அடுத்ததாக எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் பயாஸ் அமைப்பு) இயக்குங்கள். இதை மறந்துவிட்டு விளையாடுபவர்கள் நிறைய. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 6000-க்குப் பதில் 4800 என்றிருந்தால் நீங்களும் அந்தக் கூட்டம்தான்.