அணைத்தால் திருத்தியதாகாது: கெர்னல் மெமரிச் சோதனைகளோடு வேலை பார்ப்பது பற்றி

லினக்ஸ் கெர்னலில் தவறான மெமரித் தொடுதல்களைப் பிடிக்கும் சோதனைக் கருவிக்குக் கேசான் என்று பெயர். கெர்னல் லாக்கில் "பக்: கேசான்: ஸ்லாப்-அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ்" என்று ஒரு வரி விழுந்தால் தவறு மூன்று இடங்களில் ஏதோ ஒன்றில் இருக்கும். டிரைவரோ ஃபைல் சிஸ்டமோ தனக்குச் சொந்தமில்லாத பைட்டை உண்மையிலேயே தொட்டிருக்கலாம். தொட்டது நியாயமாகவே இருந்து, அதைக் கேசானுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கேசானின் பதிவே பழையதாகிப் போயிருக்கலாம். முதல் வகை எல்லோருக்கும் தெரிந்த பக் வேட்டை. பின்னிரண்டு வகைகளில் திருத்த வேண்டியது சோதனையைத்தான். தவறான திருத்தம் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து வருடக்கணக்கில் தங்கிவிடுவதும் அங்கேதான்.

காரைக்குடியில் வீட்டிலிருந்தபடி கெர்னல் வேலை பார்ப்பவர்களோடு, அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் படித்து முடித்து வரும் பிள்ளைகள் உட்காரும்போது சீக்கிரமே ஒரு கேள்வி வரும். "அண்ணே, மேக்ஃபைல்ல அந்த ஃபைலுக்கு மட்டும் கேசான் வேண்டாம்னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சிரும்ல?" ரிப்போர்ட் வருவது நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த ஃபைலில் உள்ள எல்லா ஃபங்ஷன்களும், நாளை யாரோ சேர்க்கப்போகும் ஃபங்ஷன்களும் அந்த நொடி முதல் காவலில்லாமல் கிடக்கும். அந்த வரியை எழுத ஒரு நிமிடம் போதும். அதை எடுக்கச் சொல்ல பிறகு யாருக்கும் துணிச்சல் வராது. விலக்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. விலக்குக் கொடுத்த பிறகும் சோதனை உயிரோடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்த வேலையில் நாங்கள் விட்டுக்கொடுக்காத இடம் இதுதான்.

கேசான் எப்படி வேலை செய்கிறது என்பதை வட்டிக்கடைக் கணக்குப் பார்த்து வளர்ந்த செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் பேரேடு இருப்பதுபோல மெமரிக்குப் பக்கத்தில் ஷேடோ மெமரி இருக்கிறது. பெட்டியில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் ஏட்டைப் பார்க்க வேண்டும். ஏட்டில் எழுதாமல் பணம் கைமாறினால், பெட்டி சரியாக இருந்தாலும் ஏடு தவறாகச் சொல்லும். ஏட்டையே பார்க்காமல் கைவைத்தால் திருட்டு நடந்தாலும் தெரியாது. சோதனையில் வரும் கோளாறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுக்குள் அடங்கும்.

லினக்ஸ் 4.0இல், 2015இல், ஆண்ட்ரே ரியாபினின் சேர்த்த பொது வகைக் கேசானில் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஷேடோவில் 1 பைட் ஒதுக்கப்படுகிறது. மெமரியில் எட்டில் ஒரு பங்கு இதற்கே போகிறது. ஷேடோ பைட் 0 என்றால் எட்டு பைட்டையும் தொடலாம். 1 முதல் 7 வரை இருந்தால் முதல் அத்தனை பைட்டுகளை மட்டும் தொடலாம். எதிர்மறை எண் இருந்தால் எதையுமே தொடக் கூடாது, ஏன் கூடாது என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடும். எஃப்சி என்றால் ஸ்லாப் ரெட்ஜோன், அதாவது ஸ்லாப் என்னும் கெர்னல் மெமரி ஒதுக்கீட்டில் ஆப்ஜெக்ட்டை ஒட்டி விடப்படும், தொடக் கூடாத ஓரம். எஃப்பி என்றால் விடுவிக்கப்பட்ட ஸ்லாப் ஆப்ஜெக்ட். எஃப்1, எஃப்2, எஃப்3 மூன்றும் ஸ்டாக்கின் இடது, நடு, வலது ரெட்ஜோன்கள். எஃப்8 என்றால் விமாலக் என்னும் இன்னொரு ஒதுக்கீட்டு முறையின் பகுதியில் செல்லாத இடம். கெர்னலில் மெமரி கேட்கும் ஃபங்ஷனான கேமாலக்கில் 100 பைட் கேட்டால் 128 பைட் ஸ்லாட் கிடைக்கிறது. அதன் ஷேடோவில் 12 சுழியங்களும், ஒரு 04உம், மூன்று எஃப்சியும் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டின் அடியில் வரும் ஷேடோ வரிசையை இப்படி விரல்விட்டு எண்ணிப் பார்க்கப் பழகாதவர் ரிப்போர்ட்டைப் பாதிதான் படிக்கிறார். கேட்ட அளவும் ஷேடோ காட்டும் அளவும் பொருந்தாவிட்டால் பக் பெரும்பாலும் டிரைவரில் இருக்காது, பதிவில் இருக்கும்.

இன்னொரு இடத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். சோதனையை ஒவ்வொரு மெமரித் தொடுதலின் இடத்திலேயே கம்பைலர் பதித்துவிடும் இன்லைன் முறையில் கட்டிய எக்ஸ்86 64-பிட் கெர்னலில், எதையும் சுட்டாத நல் பாயின்டரைத் தொட்டால் பேஜ் ஃபால்ட்டுக்குப் பதிலாக ஜெனரல் ப்ரொடக்ஷன் ஃபால்ட் வரும். முகவரியோ டி, நான்கு எஃப், சி, அதன் பின் பத்துச் சுழியம் என்று விநோதமாக இருக்கும். அது கெட்டுப்போன பாயின்டர் இல்லை, ஷேடோ தொடங்கும் ஆஃப்செட். தொட நினைத்த முகவரியை எட்டால் வகுத்து அந்த ஆஃப்செட்டைக் கூட்டி, ஷேடோவைப் படிக்கப் போன இடத்திலேயே சிபியு நின்றுவிட்டது. கடைசி இலக்கம் 5 என்றால் ஐயெட்டு நாற்பது, அதாவது ஸ்ட்ரக்ட்டின் 40 முதல் 47 வரையிலான பைட்டுகளில் உள்ள உறுப்பு. ஸ்ட்ரக்ட்டின் அமைப்பைக் காட்டும் பாஹோல் கருவியில் அதைப் பார்த்தால் எந்த உறுப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

பொய் எச்சரிக்கைகளில் எல்லோரையும் அதிகம் அலைக்கழிப்பது ஸ்டாக்கின் பழைய ஷேடோதான். ஒரு ஃபங்ஷனுக்குள் நுழையும்போது அதன் லோக்கல் வேரியபிள்களைச் சுற்றி ரெட்ஜோன் குறிகளை எழுதுவது கம்பைலர் போட்ட கோடு. ஃபங்ஷன் திரும்பும்போது அவற்றை அழிப்பதும் அதுவே. திரும்பாமலே போனால்? ஆர்ம்64இல் சஸ்பெண்ட் ஆகும்போது சிபியு சில ஃபங்ஷன்களின் ஆழத்தில் இருந்தபடியே மின்சாரம் இழக்கிறது. விழிக்கும்போது சேமித்து வைத்த இடத்துக்கு நேராகத் தாவிவிடுகிறது. நடுவில் இருந்த ஃபிரேம்களின் குறிகளை யாரும் அழிக்கவில்லை. அடுத்து அதே ஸ்டாக் பகுதிக்கு வரும் ஏதோ ஒரு அப்பாவி ஃபங்ஷன் அந்தக் குறிகளை மிதித்துவிட, 'ஸ்டாக்-அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ்' என்று கேசான் கத்துகிறது. சிபியுவைக் கழற்றி மாட்டும் ஹாட்பிளக்கிலும் இதே கதைதான்.

அடையாளங்கள் தெளிவானவை. ஷேடோவில் எஃப்1, எஃப்3 தெரியும், ஆனால் இப்போதைய கால் செயினில் உள்ள எந்த ஃபங்ஷனின் வேரியபிள் அமைப்போடும் அவை ஒத்துப்போகாது. ரிப்போர்ட் சஸ்பெண்ட், ஹாட்பிளக் போன்றவற்றுக்குப் பிறகே வரும். ஒவ்வொரு முறையும் வேறு ஃபங்ஷனின் பெயரைச் சொல்லும். இங்கே ரிப்போர்ட் காட்டிய ஃபங்ஷனுக்கு விலக்குக் கொடுத்தால் நாளை இன்னொரு பெயர் வரும், அதற்கும் விலக்கு, அப்புறம் அடுத்ததற்கு. சரியான திருத்தம் விழிக்கிற பாதையில் இருக்கிறது. சி கோடுக்குள் மறுபடி நுழையும் முன், ஸ்டாக்கின் அடியிலிருந்து தற்போதைய ஸ்டாக் பாயின்டர் வரை ஷேடோவைச் சுத்தம் செய்யும் ஃபங்ஷன் கேசானிலேயே உண்டு. அதை ஓரிடத்தில் அழைத்தால் போதும். முடிந்துபோன த்ரெட்டின் ஸ்டாக்கைப் புதிய த்ரெட்டுக்குக் கொடுக்கும்போது ஷேடோவைத் துடைப்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்த வகை, வேண்டுமென்றே எல்லை தாண்டிப் படிக்கும் கோடு. ஸ்ட்ரிங்கை வேகமாகப் பிரதி எடுக்க எஸ்டிஆர்எஸ்காப்பி ஒரு நேரத்தில் 8 பைட் படிக்கிறது. ஸ்ட்ரிங் மூன்றாம் பைட்டிலேயே முடிந்தாலும் மீதி ஐந்தும் சேர்ந்தே வரும். பேஜ் எல்லையைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வதால் கெடுதல் இல்லை, ஆனால் கேசானின் கண்ணுக்கு அது அத்துமீறல். கெர்னலில் இதற்குக் கிடைத்த தீர்வு எங்களுக்கு எப்போதும் முன்மாதிரி. எஸ்டிஆர்எஸ்காப்பி முழுவதற்கும் விலக்குக் கொடுக்கவில்லை. ஒரு வேர்டைப் படிக்கும் அந்த ஒற்றைச் செயலைத் தனி ஃபங்ஷனாக்கினார்கள். அதற்குள் தானியங்கிச் சோதனையை நிறுத்திவிட்டு, முதல் பைட்டை மட்டும் கையால் சோதிக்கச் சொன்னார்கள். முதல் பைட்டே செல்லாத இடத்தில் இருந்தால் அது உண்மையான பக், இன்னமும் பிடிபடும். தேவையான அளவுக்குத் தளர்வு இருக்கிறது, அதற்கு மேல் ஒரு பைட் கூட இல்லை.

ஆகவே விலக்கு என்று வந்தால் கேட்க வேண்டிய வரிசை இது: ஒரே ஒரு ரீடுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, அது முடியாவிட்டால் ஒரு ஃபங்ஷனுக்கா, அதுவும் முடியாவிட்டால்தான் ஃபைலுக்கு. ஃபைல் முழுக்க விலக்கு உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. ஷேடோவை மேப் செய்வதற்கு முன்பே ஓடும் பூட் கோடு, கேசானின் சொந்தக் கோடு போன்றவை. ஃபங்ஷன் அளவில் கொடுக்கும்போது ஒரு கண்ணி உண்டு. விலக்குப் பெற்ற ஃபங்ஷன், சோதனை உள்ள ஃபங்ஷனுக்குள் இன்லைன் ஆகக் கூடாது, அதாவது அதன் கோடு மற்றதற்குள் கலந்துவிடக் கூடாது. அதனால்தான் கேசான் இருக்கும்போது இன்லைன் ஆகாமலும் இல்லாதபோது இன்லைன் ஆகியும் நடந்துகொள்ளும் தனிக் குறி ஒன்றைக் கெர்னல் வைத்திருக்கிறது. கையால் 'ஆல்வேஸ் இன்லைன்' சேர்ப்பவர்கள் அதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னவை சத்தம் போடும் கோளாறுகள். எங்களுக்கு அதிகம் கவலை தருபவை சத்தமே போடாதவை. கேசானின் காவல் கம்பைலர் நட்டு வைக்கும் அழைப்புகளால் ஆனது, கம்பைலர் பார்க்காத இடத்தில் காவலும் இல்லை. இன்லைன் அசெம்ப்ளிக்குள் நடக்கும் மெமரித் தொடுதல் அதன் கண்ணில் படாது. பிட் ஆபரேஷன்கள், அட்டாமிக்குகள் ஆகியவற்றைச் சுற்றி சியில் ஓர் உறை போட்டு, அதற்குள் சோதனையைக் கையால் அழைக்க வேண்டியிருந்தது இதனால்தான். புதிதாக அசெம்ப்ளி ஹெல்பர் எழுதுபவர் அந்த உறையைத் தவிர்த்துவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. டிவைஸ் தானே, சிபியு தலையிடாத டிஎம்ஏ வழியாக மெமரியில் எழுதினால் கேசானுக்குத் தெரிய வழியே இல்லை.

மெமரியை நிரப்பும் மெம்செட், பிரதி எடுக்கும் மெம்காப்பி ஆகியவற்றின் விஷயம் இன்னும் நுணுக்கமானது. எக்ஸ்86இல் கெர்னலின் நுழைவுப் பாதைகளில் எந்தச் சோதனையும் ஓடக் கூடாது என்பதால், இந்த ஃபங்ஷன்களைக் கேசான் வடிவத்தால் மொத்தமாக மாற்றி வைப்பதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதில், சோதனை உள்ள கோடிலிருந்து மட்டும் வேறு முன்னொட்டுள்ள பெயரைக் கம்பைலர் அழைக்க வேண்டும். ஜிசிசியில் இந்த வசதி 13ஆம் பதிப்பிலிருந்துதான். பழைய ஜிசிசியில் கட்டினால் கெர்னல் பில்ட் ஆகும், பூட் ஆகும், கேசான் இயங்குவதாகவும் சொல்லும். மெம்காப்பியில் நடக்கும் எல்லை மீறல் மட்டும் பிடிபடாது. எந்தக் கம்பைலரில் கட்டினோம் என்பதை டெஸ்ட் முடிவோடு எழுதி வைக்காவிட்டால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை.

விடுவித்த மெமரியை மறுபடி தொடும் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயைப் பிடிக்க, விடுவிக்கப்பட்ட ஆப்ஜெக்ட்டைப் பொது வகைக் கேசான் உடனே மறுபயனுக்குத் தராமல் க்வாரன்டைனில் வைக்கிறது. அதன் உச்ச அளவு மெமரியில் 32இல் ஒரு பங்கை ஒட்டியது. 2 ஜிபி விர்ச்சுவல் மெஷினில் 64 எம்பி அளவுக்குத்தான் வரும். நெட்வொர்க் டெஸ்ட் வேகமாக ஓடினால் அது சீக்கிரமே நிரம்பி வழியும், பழைய ஆப்ஜெக்ட் வேறொருவர் கைக்குப் போய்விடும், அதன் பிறகு பழைய பாயின்டர் தொட்டாலும் ஷேடோ 'செல்லும்' என்றே சொல்லும். மெமரியைக் கூட்டி ஓட்டினால் திடீரென்று பக் தெரிவது இதனால்தான். மெம்பூல் போலத் தன்னிடமே ஆப்ஜெக்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பகுதிகளும் 'இதை இப்போது யாரும் தொடக் கூடாது' என்று கேசானிடம் தாமே சொன்னால்தான் உண்டு.

எனவே எந்தத் திருத்தத்துக்கும் முன்பு கெர்னலின் டெஸ்ட் கட்டமைப்பான கேயூனிட்டில் ஒரு டெஸ்ட் எழுத வேண்டும். பொய் எச்சரிக்கை என்றால் இரண்டு டெஸ்ட்: நியாயமான தொடுதலுக்குச் சத்தம் வரக் கூடாது, அதற்கு ஒரு பைட் தள்ளி நடக்கும் அநியாயமான தொடுதலுக்கு வந்தே ஆக வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எழுதும்போது கம்பைலரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். படித்த மதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை என்று கண்டால் அந்த ரீடையே நீக்கிவிடும், டெஸ்ட் 'எதிர்பார்த்த ரிப்போர்ட் வரவில்லை' என்று விழும். பாயின்டரை ஆப்டிமைசரிடமிருந்து மறைக்கும் மேக்ரோ இதற்காகவே கெர்னலில் இருக்கிறது. கேயூனிட்டுக்கு வெளியே ஓட்டும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கேசான் வழக்கமாக முதல் ரிப்போர்ட்டோடு நின்றுவிடும். பூட் வரியில் கேசான்_மல்டி_ஷாட் கொடுக்காமல் "ஒரே ஒரு பக்தான்" என்று முடிவுகட்டக் கூடாது.

இடவசதி பற்றி இரண்டு வார்த்தை. இன்லைன் முறை வேகமாக ஓடும், ஆனால் கெர்னல் இமேஜ் நன்றாகப் பெருத்துவிடும், பில்ட்டும் நீளும். கேசான் கட்டும்போது எக்ஸ்86இல் ஸ்டாக் 16 கேபியிலிருந்து 32 கேபி ஆகிறது, ஆகவே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பக்கை இந்தக் கெர்னலில் தேடுவது வீண். காரைக்குடிப் பக்கம் மின்வாரியப் பராமரிப்பு நாளில் காலை போன கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்பதால், நாள்கணக்கில் ஓட வேண்டிய டெஸ்ட்டுகளை அதற்கு முன்னதாகவே திட்டமிட வேண்டும். சீரியல் கன்சோலை இன்னொரு மெஷினில் ஃபைலாக எழுதிக்கொண்டே இருந்தால் கடைசி ரிப்போர்ட் தொலையாது. பழைய வீட்டின் உள்கட்டு அறைகள் சித்திரை வெயிலிலும் டெஸ்ட் மெஷினுக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்தத் தடித்த சுவர்களை வைஃபை தாண்டாது, முற்றத்தைச் சுற்றி நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுவதே உத்தமம்.

பேட்ச் விளக்கத்தில் டீகோட்_ஸ்டாக்ட்ரேஸ் வழியாக ஓட்டி, ஃபைல் பெயரும் வரி எண்ணும் வந்த ரிப்போர்ட்டைப் போட வேண்டும். ஏட்டில் எது பதியாமல் போனது, யார் பதிந்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஃபிக்ஸஸ் வரியில் கோளாறு எப்போது நுழைந்தது என்பதை கமிட்டின் 12 இலக்க அடையாளத்தோடு குறிக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் இன்லைன், சோதனையைத் தனி ஃபங்ஷனாக அழைக்கும் அவுட்லைன் இரண்டிலும், ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். பாயின்டரிலும் மெமரியிலும் ஒரே டேக், அதாவது அடையாள எண், இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்ம்64 டேக் முறைகளை மறந்துவிடக் கூடாது. லினக்ஸ் 5.0இல் வந்த மென்பொருள் டேக் முறையும் 5.11இல் வந்த வன்பொருள் டேக் முறையும் 8க்குப் பதில் 16 பைட்டை ஓர் அலகாகக் கொள்கின்றன. நாம் பார்த்த 100 பைட் ஆப்ஜெக்ட் அங்கே 7 அலகு, அதாவது 112 பைட். 100 முதல் 111 வரையிலான பைட்டைத் தொட்டால் பொது வகைக் கேசான் கத்தும், டேக் முறை பேசாமல் இருக்கும். டெஸ்ட் அங்கே விழுந்தால் அது நம் திருத்தத்தின் குற்றமில்லை. அந்தச் சோதனையைப் பொது வகைக்கு மட்டும் என்று குறித்துவிட்டு, 112ஆம் பைட்டைத் தொடும் இன்னொன்றை எல்லா முறைக்கும் எழுத வேண்டும். வன்பொருள் டேக் 4 பிட்தான், ஆகவே விடுவித்த ஆப்ஜெக்ட்டுக்கும் அதே இடத்தில் புதிதாக வந்ததற்கும் ஒரே டேக் அமைந்துவிட வாய்ப்புண்டு. அந்த வகை டெஸ்ட்டை ஒரே தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதக் கூடாது, ஒரு லூப்பில் போட்டு ஓட்ட வேண்டும்.